கழுகு இல்லாத படங்கள்

டொரீன் கனடாவின் பூர்வகுடிகளான ஒஜிப்வே இனத்து ஓவியர். ஸ்காபரோவில், ஈழத்திலிருந்து அகதியாக வந்த பேர்ணடெற்றின் பக்கத்து அப்பாட்மென்டில் தனியே இருந்தாள். அவள் வரைந்ததெல்லாம் முக்கோணங்களும் சதுரங்களும்தான். கோடு நேராக வர, கன்வஸில் ரேப் என்ற ஒட்டுநாடாவை ஒட்டி, நிறம் பூசி, காய்ந்ததும் உரிப்பாள். பெரிய படமென்றால் ரேப்பின் மறுநுனியைப் பிடிக்கப் பேர்ணடெற்றைக் கூப்பிடுவாள். சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிவப்பு எவ்வளவு முன்னுக்கு வருகிறது, அதைத்தான் பார்க்கிறேன் என்பாள். தன் இனத்துப் பெண்கள் முள்ளம்பன்றி முள்ளை மரப்பட்டையில் கோத்து இதே முக்கோணங்களைச் செய்தார்கள், அவர்களிடம் யாரும் கதை கேட்கவில்லை என்றும் சொல்லுவாள்.

பேர்ணடெற்றின் கணவன் அகஸ்ரினுக்கு அது பிடிபடவில்லை. "உதில என்ன கிடக்கு? ஒரு மரமில்லை, மனுசரில்லை."

"கோடும் நிறமும் கிடக்கு. அது போதாதோ?" என்றாள் பேர்ணடெற்.

கழுகோ கரடியோ வரைந்து வரச்சொல்லிப் பல இடங்களில் டொரீனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, நகரத்தில் ஒரு கலைக்கூடம் சம்மதித்தது. திறப்பு நாளன்று டொரீனும் பேர்ணடெற்றும் சப்வேயில் போனார்கள். டொரீன் எந்தப் படத்துக்கும் பெயர் வைத்ததில்லை. அங்கே ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை. பேர்ணடெற் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'கழுகின் கனவு', 'மூதாதையர் கண்ணீர்'.

உரிமையாளர் பணிவாகவே விளக்கினார். உங்கள் மக்களின் துயரத்தைப் பார்க்கத்தான் சனம் வருகிறது, வெறும் சதுரத்தின் முன்னால் யார் நிற்பார்கள் என்றார்.

பேர்ணடெற்றுக்கு அகதி விசாரணை நினைவுக்கு வந்தது. தம்பி செத்ததை அவள் நிதானமாகச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, அவள் அழுத பிறகுதான் பேனாவை எடுத்தார். டொரீன் முதல் படத்தைக் கழற்றினாள். பேர்ணடெற் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

பெரிய சிவப்புப் படத்தை மட்டும் எடுக்க விடவில்லை. அது விற்றாயிற்று. 'கழுகின் கனவு' என்ற பெயரோடேயே யாரோ ஒருவர் வீட்டுக்குப் போயிற்று.

அதன்பிறகு எந்தக் கலைக்கூடமும் அவளை அழைக்கவில்லை. டொரீன் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். படங்கள் சுவரைப் பார்த்தபடி சாத்திக் கிடந்தன. குளிர் முடியும் நேரம், வடக்கே தங்கையிடம் போகப்போவதாகச் சொன்னாள். அங்கே போயாவது வரைவாயா என்று பேர்ணடெற் கேட்டாள்.

"வெறும் கன்வஸைப் பார்த்தால் இப்போது எனக்கே கழுகு தெரிகிறது," என்றாள் டொரீன்.

ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று பேர்ணடெற் தயங்கிக் கேட்டாள். டொரீன் கொடுக்கவில்லை. தங்கையின் புருசன் கொண்டுவந்த ட்ரக்கில் எல்லாவற்றையும் ஏற்றிப் போர்வையால் மூடினாள். போன பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.