பார்க்க நன்றாயிருந்த ஒன்பது

மச்சானுக்கு நான் தரவேண்டியிருந்தது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது. கோழிக்கூட்டுக்குக் கம்பி வலையும் தகரமும் வாங்கக் கேட்டேன். என் மனைவியின் அண்ணன் அவர், மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். எனக்கு எழுத்துக் கூட்டி எழுத வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. “வாத்தியாரே, உன் கையாலயே எழுதிக் குடு. கண்ணாடி போட்டு மாட்டி வெக்கிறேன்” என்று கேலி செய்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

சிமெண்டு கிடங்கில் மூட்டை தூக்கும் கூலி வயிற்றுக்கே சரியாகப் போகும். கடனுக்கு அந்த இருபத்தாறு கோழிகளைத்தான் நம்பியிருந்தேன். ஊரில் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட்ட நாளில் கிடங்குக்கு லாரி வந்துவிட்டது. கூலி போகுமே என்று அடுத்த தடவைக்குத் தள்ளினேன்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு கோழிகள் சிறகைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தன. கூடெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டும் விறைத்துவிட்டன. வெயில்தான் என்றாள் மனைவி. எனக்குத் தெரியும். வெள்ளைக்கழிச்சல் வந்து பின்தெரு முழுக்கக் கூடு காலியானதைப் பார்த்தவன் நான்.

மறுநாள் காலையில் தீனி போட்டேன். ஓடிவந்து கொத்தியவற்றை மட்டும் பிடித்தேன். ஒன்பது தேறின. கொண்டை சிவப்பு, கண்ணில் தெளிவு, கையில் நல்ல கனம். நாளைக்கு இவையும் போய்விட்டால் கடன் அப்படியே நிற்குமே என்பதுதான் அப்போது மண்டைக்குள் இருந்தது. சாக்கில் காற்றுக்கு ஓட்டை போட்டு, சைக்கிளில் கட்டி, மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாதிக் கடனுக்கு இதைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

கறிக்கடைக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

“இதையெல்லாம் அறுக்க மனசு வரல மாப்ளே. முட்டைக்கே விட்டுடுவோம்.”

தன் கூட்டைத் திறந்து உள்ளே விட்டார். அங்கே முப்பத்துநாலு கோழிகள் இருந்தன. அவற்றின் முட்டைதான் அவர் வீட்டு வாடகை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் என் கூட்டில் மிச்சமிருந்ததும் முடிந்தது. கடைசிக் கோழி கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்தபடி ஒரு பகல் முழுக்க நின்ற இடத்திலேயே சுற்றியது. இதற்கு வைத்தியம் கிடையாது, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள் என்றார் மாட்டு டாக்டர்.

“இந்தக் கூட்டுலேர்ந்து ஒண்ணுகூட வெளிய போகலையே?”

“போகல” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மச்சான் வந்தார். வாசலோடு நின்றுகொண்டார். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு. முப்பத்துநாலும் போய்விட்டதாம். முதலில் கழுத்தைத் திருப்பியது நான் கொண்டுபோன ஒன்பதில் ஒன்றாம்.

“கொண்டாந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

அவர் என்னை அதுவரை ‘நீங்க’ என்று சொன்னதில்லை.

“தெரியும்” என்றேன்.

“எங்கிட்ட சொல்லியிருந்தா மொத்தக் கடனையுமே விட்டிருப்பேனே.”

சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்துச் சுவர்மேல் வைத்தார். பறக்காமல் இருக்க ஒரு செங்கல் துண்டையும் வைத்தார். மீதி வேண்டாம் என்றார். மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து, “அண்ணா, உள்ள வா” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தாளை எடுத்துப் பிரித்தேன். கோணல்மாணலான என் எழுத்தின்மேல் ஒரே கோடாக அடித்திருந்தார்.