முந்நூறுக்குக் கீழே

இயந்திரம் 212 என்று காட்டியது. புருல் நம்பவில்லை. அப்பாவின் ரத்தத்தில் மிச்சமிருந்ததை எடுத்து மறுபடி ஓட்டினாள். 209.

இதயம் திணறும்போது ரத்தத்தில் ஒரு புரதம் கசியும். நவம்பரில் மாரடைப்பு வந்தபோது அப்பா ஜுமாஷுக்கு அது நாலாயிரத்தைத் தொட்டிருந்தது. அதன்பிறகு மாதாமாதம் புருல்தான் அவர் கையில் ஊசி குத்தினாள். நாரின் நகர ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஓட்டிப் பார்ப்பதும் அவளே. இரண்டாயிரத்து நூறு. தொள்ளாயிரம். போன மாதம் ஐந்நூற்று நாற்பது.

"முந்நூறுக்குக் கீழ வரட்டும். அதுவரைக்கும் யாரும் வாயத் திறக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாயைத் திறக்கக்கூடாத விஷயம், அவள் தம்பி குபாத் செத்துப்போனது. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். டிசம்பர் நான்காம் தேதி சாரத்திலிருந்து விழுந்தான். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே பெட்டி வந்தது, புதைத்தாயிற்று. நாற்பதாம் நாள் விருந்தையும் பெரியப்பா அசனாலி பக்கத்து ஊரில் தன் வீட்டிலேயே கமுக்கமாக முடித்துவிட்டார். அப்பாவைப் பொறுத்தவரை குபாத் எங்கோ வடக்கே பனிக்காட்டில் எரிவாயுக் குழாய் பதிக்கிறான். அங்கே போன் எடுக்காது. தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காத்தது.

அம்மா பூப்போட்ட சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டில் வளையவந்தாள். அழுகை முட்டினால் மாட்டுக் கொட்டிலுக்குப் போய் அதே துணியை வாயில் அடைத்துக்கொள்வாள்.

"அந்தப் பாழாப்போன நம்பர் எப்பதான்டி எறங்கும்? என் புள்ளைக்கு நான் வாய்விட்டு அழ வேணாமா?"

போன மாதம் ஐந்நூற்று நாற்பது வந்தபோது புருலுக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவுக்கு இன்னும் ஒரு மாதம் மகன் உயிரோடிருப்பான். அப்பன் நெஞ்சு தேறவில்லை என்று நிம்மதிப்பட்ட மகள். இன்றும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 512 என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? கொட்டிலில் நிற்கும் அம்மா நினைவுக்கு வந்தாள். 212 என்று எழுதிவிட்டுப் பெரியப்பாவுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரோம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வீட்டில் அப்பா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "எறநூத்திப் பன்னெண்டா! ஸ்கேன்ல என்னவாம்?"

"பம்பு பண்றது அம்பத்திரெண்டு சதவீதம்பா. முன்ன முப்பத்திநாலு."

"குதிரை நெஞ்சுடி இது! இதைச் சும்மா விடலாமா? ஆடு அறுத்து நாலு பேரைக் கூப்பிடணும்."

"பெரியப்பா ஞாயித்துக்கிழமை வராராம். ஆடு அவரே கொண்டுவராராம்."

"எங்கண்ணனா? எச்சக் கையால காக்கா ஓட்டாத மனுசனாச்சே! எனக்கு நெஞ்சடைச்சதுல அவருக்குக் கை தெறந்துடுச்சு போல." சிரித்தார். "ஜனவரில அவங்க ஊர்க் கல்யாணத்துலேர்ந்து போர்சோக் கொண்டாந்தியே, பொரிச்ச மாவு வாசனை போகாம. அதைச் செஞ்சவளையும் கூட்டியாரச் சொல்லு. குபாத்துக்கும் எப்படியாவது சேதி அனுப்பு, அப்பன் தேறிட்டான்னு."

"சரிப்பா" என்றாள் புருல்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்து, வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். பெரியப்பாவோடு சேர்த்து ஏழு கிழவர்கள் வந்தார்கள். வயது வரிசைப்படி, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு.

"என்னப்பா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கீங்க? நான்தான் பொழைச்சுட்டேனே!"

உள்ளே போய்க் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா தேநீர் ஊற்றாமல் வெளியே போனாள். அசனாலி தொண்டையைச் செருமினார்.

"ஜுமாஷ், கையில வெச்சு வளர்த்த வல்லூறும் ஒரு நாள் கயித்த அறுத்துக்கிட்டுப் பறந்துடும்..."

அந்தத் தெருவில் இருபது வருஷமாக யார் வீட்டில் சாவுச் செய்தி சொல்ல வேண்டுமானாலும் ஜுமாஷைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல நாக்கு என்று பேர். வல்லூறு எதற்கு வருகிறது, அதற்குப் பின் எத்தனை வாக்கியத்தில் பெயர் வரும் என்று அவருக்கு அத்துப்படி.

"வல்லூறை விடுண்ணே" என்றார். "யாரு?"

"குபாத்."

அடுப்பில் சாணி வறட்டி வெடித்தது.

"எப்போ?"

"டிசம்பர் நாலு."

அவர் விரல்கள் கம்பளத்தில் மாதங்களை எண்ணின. பிறகு நின்றன.

"நாப்பது?"

"செஞ்சாச்சு. எங்க வீட்லதான்."

அப்பா திரும்பி, கதவோரம் நின்ற புருலைப் பார்த்தார்.

"அப்போ அந்த போர்சோக்..."

"ஆமாம்பா."

"பத்து தின்னேன். ருசியாருக்கு, இன்னும் குடுன்னு கேட்டேன்."

வெளியே அம்மா சிவப்புத் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு ஓலமிட ஆரம்பித்தாள். நாலு மாத அழுகை. கட்டிப்போட்டிருந்த ஆடும் மிரண்டு கத்தியது. கிழவர்கள் எல்லோரும் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாயவில்லை. மூச்சு சீராகத்தான் இருந்தது. டாக்டர் கணக்கு தப்பவில்லை.

அப்பா சட்டைக் கையைச் சுருட்டி, புருல் பக்கம் கையை நீட்டினார்.

"இப்ப எடு. இப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாப்போம்."

அவளிடம் ஊசி இல்லை. மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை மடிப்பில் அவள் குத்திய தழும்புகள். மணிக்கட்டில் நாடி ஒழுங்காக அடித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, நீட்டியபடியே இருந்தார்.