வெந்நீர் பட்ட கண்ணாடி

வளைவு ஏறும்போதே அந்த ஜீப் யாருடையது என்று சுகன்யாவுக்குத் தெரிந்துவிட்டது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

பெரும்பாறைக்காரி சத்தியபிரியாவின் ஜீப். காப்பித் தோட்டத்துப் பெண்களை ஏற்றி இறக்குகிற வண்டி, அவளேதான் ஓட்டுவாள். சுகன்யாவின் புருஷன் மதன், வடகவுஞ்சிப் பிரிவில் வண்டிக் கண்ணாடியில் விழுகிற விரிசலை அடைக்கிற தொழில் செய்தான். கீறலின் தலையில் பொடித்துளை போட்டு, ஊசியால் பசை ஏற்றி, விளக்கு காட்டி இறுக வைப்பான். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கேட்டதுதான் வினை.

வீட்டில் மதன் பேசுவதெல்லாம் சோறு போடு, தண்ணி வை, கதவைச் சாத்து. கல்யாணமான புதிதிலும் அப்படித்தான். சரி, பிறவிக் குணம் என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சத்தியபிரியா வந்தால் மட்டும் மடை திறந்த மாதிரி பேசுகிறானே. சிரிக்கவும் செய்கிறானே.

இன்னொன்றும் உண்டு. ஊரில் எல்லாரும் மதனை அண்ணே என்பார்கள், தம்பி என்பார்கள். அவள் மட்டும் "ஏங்க" என்கிறாள். அது யார் யாரைக் கூப்பிடுகிற கூப்பாடு, நீங்களே சொல்லுங்கள்.

"ஏங்க, மறுபடியும் கல்லடி," என்றது தடுப்புக்கு அப்பால் குரல்.

"இது கம்பெனிக் கண்ணாடியா? லோக்கல் சரக்கு. அப்பளம் மாதிரி இருக்கும்னு போன தடவையே சொன்னேன்ல."

"அப்பளம்னா பொரிச்சுக் குடுங்க, திண்டுட்டுப் போறேன்."

மதன் சிரித்தான். சுகன்யா ஒரு பூண்டுப் பல்லை நகத்தாலேயே நசுக்கினாள்.

பசை ஏற்றியாயிற்று. இறுக வைக்கிற விளக்குக்கோ காலையிலிருந்து கரண்ட் இல்லை. வெயிலில் காட்டலாம் என்றால் மஞ்சு இறங்கி ரோடே தெரியவில்லை. "இந்தக் குளிருக்குச் சட்டுனு இறுகாது. வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்," என்றான் மதன். இருவரும் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

அந்தக் கடைக்கு அவன் சுகன்யாவை ஒரு நாள் கூட்டிப்போனதில்லை.

வெயில் எப்போது வருவது, இவள் எப்போது கிளம்புவது? மார்கழியில் உறைபனி விழுந்தால் அந்தத் தெருவே வண்டிக் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றும். அது ஞாபகம் வந்தது. சூடு பட்டால் பசை இறுகும், ஜீப்பு போய்ச் சேரும். அடுப்பில் தளதளத்த குளிக்கிற வெந்நீரைக் குண்டாவோடு தூக்கிப்போய் ஊற்றினாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். விரல் நீளம் கிடந்த கீறல், குட்டிப்பாம்பு மாதிரி நெளிந்து எதிர் ஓரம் வரை ஓடி நின்றது. முந்தானையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த மதன் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. "என் தப்புத்தான். ஓரத்துக் கீறலு. தொளை போட்டதுல ஓடிருச்சு."

"விடுங்க. உங்க கையில தப்பு வருமா? இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு."

என்ன பதமாகச் சொன்னாள் தெரியுமா. சுகன்யா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் தன் புருஷன் வாட்டத்தை இன்னொருத்தி தடவிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? தடுப்பைச் சுற்றி வந்து நின்றாள்.

"அவரு தப்பு இல்ல. நான்தான் வெந்நி ஊத்துனேன்."

"எதுக்கு?" என்றான் மதன்.

"பசை வெரசா காயட்டும்னு."

சத்தியபிரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் வெரசா போகட்டும்னு சொல்லுங்கக்கா. வாய்விட்டுச் சொல்லியிருந்தா போயிருப்பேன். கண்ணாடியாச்சும் பொழச்சிருக்கும்." சாவியைப் பானெட்டில் வைத்தாள். "வேற கண்ணாடி போட்டு வைங்க. நான் பஸ்ஸப் பிடிச்சுப் போயி, ஆளுகள ஏத்த வேற ஜீப்பு சொல்லணும்." போகும்போது மதனைப் பார்க்கவில்லை. "வாறேன்கா," என்று சுகன்யாவிடம்தான் சொன்னாள்.

அவள் மஞ்சுக்குள் மறைந்ததும் மதன் பிடித்துக்கொண்டான்.

"கூறு இருக்கா ஒனக்கு? பனிக்கு ஊத்துறது வெதுவெதுப்பா, அதுவும் கீறாத கண்ணாடிக்கு. இங்க உள்ளுக்குள்ள குளிரு கெடக்கு, மேல கொதிக்கக் கொதிக்க ஊத்துனா சும்மா இருக்குமா? மொரண்டு பிடிச்சு இழுக்காதா? அதுவும் லோக்கல் சரக்கு, ஓரத்துலயே பெலம் கெடையாது..."

சுகன்யா தலைகுனிந்து நின்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இவன் தன் முகம் பார்த்து இத்தனை பேச்சுப் பேசி அவள் கேட்டதே இல்லை. மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோது, எங்கே இத்தோடு வாயை மூடிக்கொள்வானோ என்று பயம் வந்தது.

"நடுவுல விழுந்த கீறலா இருந்தா ஓடியிருக்காதா?" என்று கேட்டாள்.

மதன் நிமிர்ந்து பார்த்தான்.

"நடுவுலன்னா கொஞ்சம் தாங்கும்," என்றான். கோபம் இன்னும் தணியவில்லை. "இங்க கிட்ட வந்து பாரு."