விண்டிஷில் கழற்றிய சப்பாத்து

விண்டிஷில் இருக்கும் ரோமர் காலத்து வட்ட அரங்கைப் பார்க்க எங்களை இழுத்துக்கொண்டு போனவள் யாதவி. நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய ஓர்லிகோனில் பிறந்த மகள், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். கார்த்திகை வந்தாலே வீட்டில் முடங்கி அழும் தாயை வெளியே கொண்டுபோனால் கொஞ்சம் தேறுவாள் என்று அவளுக்கு ஓர் எண்ணம். எனக்கு அந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் செத்துக் கனகாலம்.

வாசலிலேயே என் மனைவி ஜெயகௌரி சப்பாத்தைக் கழற்றினாள்.

"அம்மா, இது கோயில் இல்லை."

"சனம் செத்த இடமெண்டு நீதானே சொன்னனீ," என்றபடி ஈரப் புல்லில் காலை வைத்தாள். யாதவி சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டாள்.

படிப்பு முடியட்டும் என்று ஊரில் விட்டுவந்த எங்கள் மூத்தவன் லக்ஷன், பத்தொன்பது வயதில் சண்டையில் செத்தான். அவனைப் போன்ற பிள்ளைகளைப் புதைத்து, கார்த்திகை தோறும் விளக்கேற்றும் துயிலும் இல்லத்துக்குச் சமாதான காலத்தில் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போவார்கள். இவள் அவனுடைய கல்லைக் கட்டிப்பிடித்தபடி மத்தியானம் வரை எழும்பவில்லை. 2009இல் சண்டை எல்லாம் முடிந்தபின் இராணுவம் அந்த இடத்தையும் இடித்துவிட்டது. மண்ணுக்குக் கீழே கல் கிடக்கும் என்பதுதான் இவளுக்கு மிஞ்சிய ஒரே பிடி.

யாதவி அரங்கின் கதையைச் சொன்னாள். படைவீரர்களின் பொழுதுபோக்குக்காகக் கட்டியது. மனிதரையும் மிருகங்களையும் சாகவிட்டுக் கைதட்டினார்கள். ரோமர் போனபின் ஊரார் கல்லைப் பிடுங்கி வீடு கட்டினார்கள். மிச்சத்தை மண் மூடி, மேலே புல் முளைத்து, பல நூற்றாண்டுகள் போயின. பிறகு தோண்டி எடுத்தார்கள். இங்கே செத்தவர்களில் ஒருவருடைய பெயர்கூடத் தெரியாதாம், ஆனால் புல்லை மட்டும் வடிவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயகௌரியின் முகமோ வெளித்திருந்தது.

"இவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கிடந்தும் அழியேல்லையோ?"

"ஓமம்மா. அடிக்கல்லெல்லாம் அப்பிடியே இருந்தது."

"அப்ப உன்ரை அண்ணான்ரை கல்லும் கிடக்கும். ஆரோ ஒருநாள் கிண்டி எடுப்பினம்."

யாதவிக்குப் பொய் சொல்ல வராது.

"இல்லையம்மா. கல்லெல்லாத்தையும் நொருக்கி லொறியில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். படம் பாத்தனான். கீழ ஒண்டுமில்லை."

ஜெயகௌரி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அரங்கின் நடுவிலேயே குந்தி, மகளிடமிருந்து சப்பாத்தை வாங்கி, ஈரக் காலை அதற்குள் திணித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி நான் எங்கை போய் இதைக் கழட்டுறது?"