கருப்பம்மாளுக்கும் எனக்கும் நடுவில் ஆறு நாள்

என் புருஷன் ராமையாவுக்கு ஊரில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். பெயர் கருப்பம்மாள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஆறு நாள் கப்பல் பயணம். அந்தத் தைரியத்தில்தான் மலாயாவில் ஜெலாப்பாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அவரோடு எட்டு வருஷம் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தினேன். நிம்மதியா? பொய். மாதத்துக்கு ஒரு தடவையாவது, "அவளத் தலைமுழுகிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா" என்று சண்டை போடுவேன். மனுஷன் வாயே திறக்க மாட்டார்.

ஒரு நாள் காலை ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது மரங்களுக்கு மேலே பெரிய இரைச்சல். ஆகாயக் கப்பல்! எல்லாரும் கத்தியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினோம். அது மறைந்த பிறகும் ராமையா மட்டும் அண்ணாந்தபடியே நின்றார்.

மதியம் பால் நிறுக்கும் இடத்தில், தோட்டத்துக் கணக்கு எழுதும் அர்ச்சுனன் கிராணியிடம் ராமையா கேட்டார்.

"ஐயா, பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் அதுல எவ்ளோ நேரம் ஆகும்?"

கிராணி பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். "ஆயிரத்து நானூத்தம்பது மைலு. மணிக்குத் தொண்ணூறு மைலு பறக்குதுன்னு வெச்சுக்க. பதினாறு மணி நேரம்லா!"

 இன்று சாயங்காலம் ஏறினால் நாளைக் காலையில் அந்த மகராசி பினாங்கில் இறங்கிவிடுவாளே!

"யாரைக் கூட்டியார கணக்குக் கேக்குற?" எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"சும்மா கேட்டேன் புள்ள."

"சும்மாவா? அவ வந்துட்டா நான் எங்க போறது, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் அவரோடு நான் பேசவே இல்லை. சோற்றுத் தட்டை மட்டும் ணங்கென்று வைப்பேன். மாரியம்மன் கோயிலில் நின்று, அவள் நாசமாய்ப் போகட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். மறைப்பானேன்?

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. கிராணி வாசித்தார். கருப்பம்மாள் காய்ச்சலில் செத்து இருபத்து மூன்று நாளாகிவிட்டதாம்.

விரல் விட்டு எண்ணினேன். ஆகாயக் கப்பல் பறந்த அன்றைக்கே அவள் செத்து எட்டு நாள். செத்துப்போனவள் வந்துவிடுவாள் என்றா நான் அப்படிக் கத்தினேன்?

"போன கடுதாசியில படுத்த படுக்கைன்னு எழுதியிருந்தாங்க," என்றார் ராமையா. "பதினாறு மணி நேரம்னா மொகத்தப் பாத்துட்டு வந்திருக்கலாம்."

அவர் கேட்டது போவதற்கு. நான்தான் அவள் வருவதற்கென்று நினைத்துவிட்டேன்.

கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். சாவுச் செய்தி கேட்டால் தலைமுழுக வேண்டுமே. எட்டு வருஷமாக நான் கேட்டதும் அதைத்தானே? இதோ, முழுகுகிறார்.

துண்டை நீட்டினேன். வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டு, "கருப்பு... ஏ கருப்பு..." என்று அழுதார்.

எட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. என்னை ஒருநாள்கூட அவர் அப்படிச் செல்லமாகக் கூப்பிட்டதும் இல்லை. செத்தவள் மேல் அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.