மரகதம் பதினேழு தடவை போனாள்

தணிகாசலத்தின் மனைவி மரகதம் காலை பத்து மணியிலிருந்து அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் ஆறு தடவை போயாயிற்று.

முப்பது வருஷமாக நாடக மேடையில் ஊரையே சிரிக்க வைத்தவர் தணிகாசலம். அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நிவேதா என்ற பெண் கேமராவோடு வந்திருந்தாள். அவருடைய குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் ஏகாம்பரமும் கூடவே வந்திருந்தார். எந்த நடிகர் வராவிட்டாலும் வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிடுகிறவர் அவர். கேமரா ஓடத் தொடங்கிய நேரத்தில்தான் மரகதம் பெட்டியோடு கிளம்பினாள். இந்த வீட்டில் தன்னோடு பேச ஆளில்லை என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்தாள். தணிகாசலம் வாயடைத்து நின்றார்.

நிவேதாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெளிச்சம்தான் போதவில்லை, அம்மா இன்னொரு தடவை போகட்டும் என்றாள்.

இரண்டாவது தடவை அவர் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். நிவேதா கையைக் காட்டித் தடுத்தாள்.

"சார், முதல் தடவை நீங்க எதுவும் பேசல. நடந்ததை மாத்தக் கூடாது."

நியாயம்தான் என்று அவருக்கே பட்டது. பாழாய்ப்போன நியாயம்.

ஒவ்வொரு தடவையும் கூடம் நாலடி நீண்டது. எட்டாவது தடவை கூடத்தில் நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. சபா உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பெட்டி அவள் முழங்காலில் இடித்தபோதெல்லாம் சிரித்தார்கள். தணிகாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்றார்.

அவர் அவளிடம் பேசுவதற்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம். சமையலறை இருந்த இடத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. மனைவியின் கையெழுத்து வேண்டும் என்றார் அங்கிருந்தவர். அவள் போய்க்கொண்டிருக்கிறாளே என்றார் தணிகாசலம். அடுத்த தடவை போவதற்குத் திரும்பி வருவாள், அப்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். பதினாறாவது தடவை அவள் முந்தானையை விலக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

பதினேழாவது தடவை தணிகாசலம் நாற்காலிகளுக்கு நடுவே ஓடினார். ஓட ஓட வாசல் தள்ளிப்போனது. மூச்சு முட்ட எட்டிப் பிடித்து, அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"மரகதம், போகாதம்மா. ஊருக்கெல்லாம் பேசிட்டு வந்து உன்கிட்ட வாய் வலிக்குதுன்னு படுத்துட்டேன். இனிமே பேசறேன். என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வசனம் பேசியதே இல்லை.

முந்தானை விலகியது. உள்ளே ஏகாம்பரம் இருந்தார்.

"அண்ணே, அண்ணி நாலாவது தடவையிலேயே போயிட்டாங்க. ஆள் இல்லன்னா நான்தானே ஏறணும்."

"சொல்லியிருக்கலாமேடா."

"அண்ணிக்கு அதுக்கு மேல வசனம் இல்லையேண்ணே."

இப்போது சபை விழுந்து விழுந்து சிரித்தது. ரொம்ப இயல்பாக வந்தது, இன்னொரு தடவை போகலாம் என்றாள் நிவேதா. ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, பெட்டியை எடுத்தார்.

அவரையாவது நிறுத்திவிட வேண்டும் என்று தணிகாசலம் வாயைத் திறந்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றார். அது அடங்குவதற்குள் ஏகாம்பரம், மரகதத்தின் நடையிலேயே, வாசலைத் தாண்டிவிட்டார்.