சங்கத்தின் வாய்க்கட்டு

திருச்செந்தூர் முருகன் மேல் ஆணை, அவர் கோபித்துக்கொள்ளாவிட்டால் பனிமய மாதா மேலும் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம், முத்துக்குளிப்பு தொடங்கிய அன்று காலை, தூத்துக்குடிக் கடற்கரைச் சங்கத்தார் அத்தனை பேருக்கும் வாய் கட்டிக்கொண்டது. அன்று காற்று குறைவு. கருப்பட்டி விலை ஏறியிருந்தது.

முத்துக்குளிப்பு என்றால், தோணிகள் புறப்படுமுன் கடல்கட்டி மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவார். தோணிகள் கரை சேர்ந்ததும் அவரே அவிழ்ப்பார். அவிழ்க்காத கட்டு இருட்டியதும் கட்டியவர் வாயிலேயே வந்து உட்காரும், பிறகு போகாது. எங்கள் கடல்கட்டி இனிகோ. கரையோரம் இசக்கித்தாயின் ஓலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்துதான் கட்டுவார். கண்ணுக்கு நேரே கடல் தெரிந்தால் போதும். அன்று அவர் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டார். எதிரே சங்கக் கட்டடத்தின் புதுக் கண்ணாடி ஜன்னல்களில் கடல் தெரிந்தது. அலை அடித்தது, தோணி ஆடியது, வேறென்ன வேண்டும்? கட்டிவிட்டார்.

ஜன்னலுக்கு உள்ளே சங்கத் தலைவர் வன்னியபெருமாள், இசக்கித்தாயின் கடையைப் பிரித்து அங்கே படிப்பகம் கட்டும் தீர்மானத்தை வாசிக்க எழுந்து நின்றிருந்தார். கட்டு கடலுக்குப் போகாமல் கண்ணாடிக்குள் போய்விட்டது. அவருக்கு வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கும் அப்படியே. தலைவர் சங்கக் கட்டடத்துக்குள் நின்று வாய்விட்டு வாசிக்காத தீர்மானம் செல்லாது என்பது சங்கத்தின் பழைய சட்டம். மத்தியானம் பப்பாளித் தண்டை உதட்டோரம் செருகிக் கஞ்சி குடித்தார்கள். கட்டப்படாத சுறாக்களோ குளியாட்களை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. பழக்கம்.

சாயங்காலம் தோணிகள் திரும்பின.

"அண்ணாச்சி, அவுத்துராதிய," என்றாள் இசக்கித்தாய். "தலைவரு வாயத் தொறந்தா விடியதுக்குள்ள எங் கடை இருக்காது."

"அவுக்கலன்னா எம்வாயில்லா போவும், ஏளா."

"போனா என்ன? நாலு பேரு நிம்மதியா காப்பி குடிப்பாவ." சொல்லிவிட்டு அழுதாள்.

இனிகோ தம்ளரைக் கையில் எடுத்தார். "அவுக்கதுக்குக் கடலப் பாக்கணும்னு ஒண்ணும் கெடையாது. கடைக்குள்ளயே அவுக்கேன். எம்புட்டு தூரம் போவுதோ போவட்டும்." காப்பித் தம்ளருக்குள் குனிந்து மந்திரத்தைச் சொன்னார். அது ஓலைக்கூரையின் விளிம்புவரை போய் நின்றுகொண்டது.

அவிழ்த்தது அவிழ்த்ததுதான், இனிகோ வாய் தப்பியது. அன்றிலிருந்து சங்கத்தாருக்கு அந்தக் கடைக்குள் மட்டும் வாய் திறந்தது. வன்னியபெருமாள் தலை குனிந்து நுழைந்து முதலில் சொன்னது, "ஏளா, ஒரு காப்பி. கருப்பட்டி தூக்கலா." பிறகு சங்கக் கூட்டம், சண்டை, சம்பந்தம் பேசுவது எல்லாம் அங்கேதான். தீர்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வப்போது கட்டடத்துக்குள் போய் நிற்பார். சற்று நின்றுவிட்டு, புட்டு ஆறிவிடும் என்று திரும்பிவிடுவார். யுத்தம் முடிந்தது, கொடி மாறியது, ஓலை போய்க் கடைக்கு ஓடு வந்தது. பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடத்தின் கண்ணாடியில் கடல் இன்றைக்கும் ஏறி இறங்குகிறது. அமாவாசைக்கு உள்ளே தரையில் உப்புப் பூக்கும், பக்கத்து வீட்டார் வழித்தெடுத்துக் கருவாட்டுக்குப் போடுகிறார்கள். நல்ல உப்பு.

அதே ஆணையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் கடலில் ஒரு வருஷம்கூட முத்துக்குளிப்பு நடக்கவில்லை.